கோடு வளைந்த இடம்

"அடையாளக் கொடியைப் பிடுங்கக் கூடாது, மேடம்" என்றான் கிர்பி. டெல்ஃபா அதற்குள் இரண்டைப் பிடுங்கி எறிந்திருந்தாள்.

மேற்கு டெக்சாஸில், அவர்களுடைய மாட்டுப் பண்ணையின் நடுவே, கம்பிவேலிக்குள் குடும்பக் கல்லறைகள். மறுநாள் அப்பா ஆர்வலை அடக்கம் செய்ய வேண்டும். குழி தோண்ட இயந்திரம் கொண்டுவந்த பக்கத்துப் பண்ணை லூப்பே, தோண்டுவதற்கு முன் முறைப்படி எண்ணெய்க் கம்பெனிக்குச் சொல்லியிருந்தார். அப்படி வந்தவன்தான் கிர்பி. குழாயைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தரைமேல் நகர்த்தி, மண்ணுக்குள் எண்ணெய்க் குழாய் போகும் வழியெல்லாம் மஞ்சள் கொடி நட்டான். கொடிகள் நேராக வந்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நட்ட கல்லறைக் கல்லில் அப்பாவின் பாதியைக் கடந்து போயின. அம்மா இறந்தபோதே அந்தப் பாதியில் அப்பா பெயரையும் செதுக்கிவிட்டார்கள்.

டெல்ஃபா அப்பாவின் பழைய நில வரைபடங்களைப் பிக்கப் வண்டியின் பானெட்மேல் விரித்தாள். 1953-ஆம் ஆண்டுத் தாளில் சரிவைக் காட்டும் பழுப்புக் கோடுகள், ஒரு காற்றாலை, கல்லறைக்கான சின்னச் சிலுவை. அவ்வளவுதான். 1978-ஆம் ஆண்டுத் தாளில் அதே சரிவு முழுக்க அம்மை போட்டதுபோல் எண்ணெய்க் கிணறுகள். குழாய்க்கோடு மட்டும் சிலுவையருகே மரியாதையாக விலகிச் சுற்றிப் போனது. தாத்தா அந்த வளைவைப் பார்த்துத்தான் குழாய் போடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். "நமக்காக வளைச்சுப் போட்டாங்க" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

"வளைஞ்சு போகுதா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"வரைஞ்சது அப்படி. போட்டது நேரா. குழாயை மிச்சம் பண்ணியிருப்பாங்க. நான் அப்பப் பொறக்கவே இல்ல, மேடம்."

"படத்துல மட்டும் கும்பிடு போட்டிருக்கானுங்க" என்றார் லூப்பே.

"கல்லைப் பத்தடி தள்ளி வெச்சுக்கலாம். செலவு எங்களோடது."

"எங்கம்மாவையும் தள்ளி வெப்பீங்களா?"

கிர்பி தொப்பியைக் கழற்றினான்.

"போட்டுக்குங்க. வெயில் அடிக்குது."

டெல்ஃபா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். செய்யப்போவது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"லூப்பே, அப்பா குழியை அம்மாவுக்கு அந்தப் பக்கமாத் தோண்டுங்க."

"பேரு இந்தப் பக்கமில்ல இருக்கு?"

"இருக்கட்டும். குழாய்க்கு மேல அவர் பேரு கிடக்கட்டும். ஏன்னு கேக்கறவங்களுக்கு இவங்க கம்பெனி வந்து பதில் சொல்லட்டும்."

இயந்திரம் உறுமியது. அந்தச் சத்தத்துக்குச் சரிவிலிருந்து மாடுகள் இறங்கி வந்தன. தீவன வண்டி என்று நினைத்திருக்க வேண்டும். வேலியோரம் வரிசையாக நின்று அவள் கைகளையே பார்த்தன.

டெல்ஃபா பிக்கப்பின் பின்புறம் ஏறி, தீவன மூட்டையைப் பிரித்தாள்.