தூசு தட்டி எடுத்த வழக்கு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் தன் பக்கத்துப் பிரேக் மேலேயே கால் வைத்திருந்து வந்த குணம். நீதிமன்ற முத்திரையோடு தபால் வந்ததும் அது போலி என்றுதான் முதலில் நினைத்தார்.

போலி இல்லை. என்றோ வேலை போன சமயத்தில் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கி. வங்கி வழக்குப் போட்டு, அதன் ஆட்கள் கோர்ட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காததால் தள்ளுபடியாகி, அவரே மறந்துபோன சங்கதி. இப்போது அந்தக் கடனை விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொல்லும் ஒரு கம்பெனி, வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தது.

அன்றே போனில் ஒரு பெண்குரல் தேனாய் ஒழுகியது. "சார், சும்மா ஒரு சின்னத் தொகை போடுங்க. மிச்சத்தைப் பேசித் தீர்த்துக்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வீடு மாறி, நம்பர் மாறி எத்தனை காலம்! இவளுக்கு யார் சொன்னது? மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மைத்துனன் வந்தான். காரியமில்லாமல் வருகிறவன் இல்லை.

"கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு மாமா அலையணும்? கொஞ்சம் கட்டிடுங்க. அந்தப் பொண்ணு தன்மையாத்தான் பேசுது."

"எந்தப் பொண்ணு?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சமையலறையிலிருந்து அவன் அக்காள், மாஸ்டரின் மனைவி, வந்து நின்றாள். "என்ன கேஸு? மாமா கேக்கறாருல்ல, சொல்லுடா!"

கார்டு வாங்கும்போது தெரிந்தவர் என்று மாஸ்டர் கொடுத்திருந்தது அவன் பெயரைத்தான். "ஆபீசுக்கே போன் போட்டு உசிரை எடுத்தாங்க மாமா. உங்க புது அட்ரஸையும் நம்பரையும் கொடுத்தா விட்டுடறோம்னாங்க, கொடுத்துட்டேன். நீங்க கட்டலேன்னா மறுபடி என் கழுத்துல வந்து உட்காருவாங்க."

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு, தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் போனார்.

"ஏதாவது கட்டிட்டீங்களா?"

"ஒரு பைசா இல்ல."

"பிழைச்சீங்க. கட்டியிருந்தா, கடனை ஒத்துக்கிட்டதா அதையே புடிச்சிருப்பாங்க. ஆனா தபாலைக் கண்டுக்காம விட்டாலும் ஆபத்துதான். பதில் போட்டே ஆகணும்."

போட்டார்கள். இத்தனை வருஷம் வங்கிக்காரர்கள் எங்கே போனார்கள், கடனை வாங்கியதற்கு அத்தாட்சி எங்கே? நீதிபதியும் அதையேதான் கேட்டார். கம்பெனி வக்கீல் பைலைப் புரட்டினார், வாய்தா கேட்டார், அடுத்த முறையும் வாய்தாவே கேட்டார். மனு தள்ளுபடியானது.

"தம்பிகிட்ட சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"சொல்லு. பாவம், அவனும் நிம்மதியாத் தூங்கட்டும்" என்றவர், "அவன் அதை யார்கிட்ட சொல்றான்னு மட்டும் பாத்துக்கோ" என்றார்.