ஒரு நாளைக்கு ஐந்து இசைத்தட்டு

அவர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்காது. அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். எதிர்முனையில் ஒரு 'ஹலோ' வந்தால் போதும், பேசுகிறவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட காதுக்குத்தான் இப்போது கேடுகாலம். வலது காது போய்விட்டது, இடது காது இன்னும் சில மாதம் தாங்கினால் பெரிது, கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் முதலில் போகும் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பரணிலிருந்து இசைத்தட்டுகளை இறக்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு. பத்து வருஷத் தூசு. மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியைக் கரகரப்பில் வீணடிக்க விடக்கூடாது, கேட்பதெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பழைய பிளேயரை ரிப்பேர் செய்து, புது ஊசி போட்டார். அதோடு ஒரு சட்டமும் போட்டார். கழுவாத தட்டு ஊசியைத் தொடக்கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து.

சமையலறை அன்றோடு அவர் வசமாயிற்று. நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமலிருக்க இரண்டு பக்கமும் டப்பா மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். சுத்திகரித்த தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு. மெல்லிய பிரஷ்ஷால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்ப்பார், குறுக்கே ஒருபோதும் இல்லை. பிறகு வெறும் தண்ணீரில் அலசல். சாப்பாட்டுத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்து, மறுநாள் புதுக் காகித உறையில் போட்டு, அலமாரியில் நெட்டுக்குத்தாக அடுக்குவார். படுக்கப் போட்டால் வளைந்துவிடுமாம். சாப்பாட்டுத் தட்டுகள் போக்கிடமில்லாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தன.

"டாக்டரய்யா, எனக்கு அந்த ஒண்ணை மட்டும் முதல்ல கழுவிக் கொடுங்களேன்" என்றாள் மனைவி, கிண்டலாக. அந்த ஒன்று, கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வாங்கியது. கனத்த குரலில் ஒருவர் பாடும் தாலாட்டுகள். அவருடைய வரிசைப்படி அது, கழுவ வேண்டிய கட்டுகளில் கடைசிக் கட்டில் இருந்தது.

"வரிசை வரிசைதான். மந்திரியோட ரத்தம் வந்தாலும் எங்க லேப்ல டோக்கன்படிதான் பார்ப்போம்."

"மந்திரிக்கு என்ன, காதா போகுது?"

அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பிடித்த பிடியை விடவில்லை. நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், கையில் நுரையோடு நின்றவருக்கு ஹாலிலிருந்து படபடவென்று சத்தம் கேட்டது. சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி. அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ பாட்டு. கழுவாத தாலாட்டுத் தட்டைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டுவிட்டாள். புது ஊசி. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று ஈரக்கையோடு விறுவிறுவென்று போனார்.

அவள் தரையில் சம்மணம் போட்டு, இடது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்து, கண்ணை மூடியிருந்தாள். அவர் நிழல் விழுந்ததும் கண் திறந்தாள்.

"பெரிய ஆள்தான் நீங்க" என்றாள். "எனக்குத் தெரியாம முன்னாடியே கழுவி வச்சிருக்கீங்க. கேளுங்க, ஒரு பொட்டுக் கரகரப்பு இல்லை."

ஹால் முழுக்கப் பொரிந்துகொண்டிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாடவில்லை. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னபோது இவரும்தான் தலையாட்டினார். பறவைச் சத்தம், பால் பொங்கும் சத்தம் என்று ஏதேதோ நினைத்தவருக்கு, இந்தக் கரகரப்பும் அதில் சேர்த்தி என்று தோன்றவில்லை. எதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாரோ, அது அவளுக்கு ஏற்கெனவே இல்லை. மிச்சமிருப்பது அந்தக் கனத்த குரல் மட்டும். அதையும் பத்தொன்பது நாள் காக்க வைத்துவிட்டார். தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"கழுவினீங்கதானே?"

குனிந்து அவள் இடது பக்கம் உட்கார்ந்தார்.

"ஆமா. போன வாரமே."

"அப்போ மீதி?"

வாழ்நாளில் ஒரு ரிப்போர்ட்டைக்கூட மாற்றி எழுதாத மனுஷன். "எல்லாத்தையும் கழுவியாச்சு" என்றார்.

"அடப்பாவி மனுஷா. அப்புறம் எதுக்கு அஞ்சு அஞ்சுன்னு என்னை ஏங்க வச்சீங்க?"

"சும்மா, ஒரு பிகுதான். அடுத்தது எது வேணும், சொல்லு."

அவள் கடைசிக் கட்டைக் காட்டினாள். அவர் எடுத்த தட்டில் விரல் தடம் பதியும் அளவுக்குத் தூசு. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டை நுனியால், குறுக்கும் நெடுக்குமாக ஒரு துடைப்புத் துடைத்து, ஊசியை வைத்தார். வெடித்துக்கொண்டே பாட்டு ஆரம்பித்தது.

"இது அதைவிடச் சுத்தமா இருக்கே" என்றாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க."

வைத்தார்.