காளிக்கு ஏற்ற கறுப்பு

சௌமியா ஞாயிற்றுக்கிழமைகூடக் கறி தொடவில்லை. தெருவே குழம்பு வாசனையில் மிதந்துகொண்டிருக்க, அவள் தயிர்ச்சோற்றைப் பிசைந்து விழுங்கிவிட்டு எழுந்துவிட்டாள். அம்மன் வேஷம் போடுகிறவர்கள் விரதம் இருந்துதான் ஆக வேண்டும், போட்டோவுக்குப் போட்டாலும் அம்மன் அம்மன்தான் என்பது அவள் அம்மா சித்ராவின் கட்சி. எடப்பாடியில் சித்ரா வேலை பார்க்கும் விசைத்தறிப் பட்டறையில் சேதி போகாத ஆள் பாக்கியில்லை. "எம்புள்ள காளியா நிக்கப் போறா" என்று சொல்லி, தறிச் சத்தத்தில் காதில் விழாதவர்களிடம் திரும்பப் போய்ச் சொன்னாள். மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளுக்கும்தான் வேறு என்ன வாய்த்தது?

எல்லாம் கோகுல்ராஜ் அனுப்பிய வாய்ஸ் மெசேஜால் வந்தது. கோகுல்ராஜ் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறவன். சௌமியா வேலை செய்யும் பியூட்டி பார்லருக்குப் பழக்கமானவன். மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் எடுத்து எடுத்துச் சலித்துப்போய், இன்ஸ்டாவில் ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்ற வெறி அவனுக்குப் பிடித்திருந்தது. "செவ்வாக்கெழம காளி போட்டோ சூட் வச்சிருக்கறன். கலர் டப்பா எல்லாம் எடுத்துட்டு நீ கட்டாயம் வந்துரு சாமி. உன் மூஞ்சி, கையில மட்டும் ஒண்ணும் பூசாம வா." அவ்வளவுதான் மெசேஜ். மேக்கப் போடுகிறவள் முகத்தில் பவுடர் இருந்தால் இவனுக்கு என்ன, இல்லாவிட்டால் என்ன? அம்மாவும் மகளும் உட்கார்ந்து யோசித்தார்கள். காளி கறுப்பு, இவளும் கறுப்பு, ஒன்றும் பூசாமல் வரச் சொல்கிறான். வேறு எதற்காக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். நீங்களும் நானும் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "கலருதான் கொஞ்சம்…" என்று இழுத்துவிட்டுப் போன வீடு அது. பார்லரிலோ அவள் பிழைப்பே கறுத்த மணப்பெண்களை வெளுக்க வைப்பதுதான். கழுத்து, காது மடல், விரல் இடுக்கு என்று ஓர் இடம் விடாமல் பூசி, பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் "பொண்ணு நல்ல செவப்பு" என்று சொல்லுமளவுக்கு ஏற்றிவிட வேண்டும். அதையே நாள் முழுக்கச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்ப்பது லேசான காரியமில்லை. செவ்வாய்க்கிழமை விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு பார்த்தபோது முதல்முறையாக அவளுக்குத் தன் முகம் பிடித்திருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

ஊருக்கு வெளியே, ஓடாமல் கிடந்த ஒரு தறிக் கொட்டகையில் லைட்டெல்லாம் கட்டியிருந்தார்கள். நடுவில் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யுவஸ்ரீ. திருச்செங்கோட்டுப் பக்கம், தோட்டங்காடு உள்ள குடும்பம். உரித்த பூண்டு மாதிரி வெளுப்பாக இருந்தாள். அவள் மடியில் சடைமுடி விக்கும், பக்கத்தில் தகரச் சூலமும் இருந்தன. சௌமியா கலர் டப்பாப் பையை இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"வந்துட்டயா. கைய நீட்டு" என்றான் கோகுல்ராஜ். அவள் கையைப் பிடித்து யுவஸ்ரீயின் கைக்குப் பக்கத்தில் நாற்காலிக் கையில் வைத்தான். "நீலக் கறுப்பு பூசுனா நாடகக்காரனாட்டம் இருக்குது. தனிக் கறுப்பு தாரு மாதிரி. எனக்கு நெசத் தோலு கறுப்பு வேணும். சாயப் பட்டறையில சேம்பிள் நூல வச்சுக்கிட்டுத்தான கலரு புடிப்பாங்க? அது மாதிரி உன் கையப் பாத்து இந்த அம்மணிக்கு ஏத்து."

கேட்கக் கூடாது என்றுதான் சௌமியா நினைத்தாள், வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்ணா, காளி கறுப்புத்தானுங்களே… கறுப்பா இருக்கறவங்களயே நிக்க வெச்சா ஆகாதுங்களா?"

"காளி கறுப்புத்தான். அதுக்காக மொகவெட்டு வேண்டாமா?" என்றான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே. அவன் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னான்.

காப்பிக்கொட்டை நிறத்தில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம், காவியில் ஒரு துளி என்று கிண்ணத்தில் குழைத்து யுவஸ்ரீயின் கையில் தீற்றினாள். வெளுப்பாக இருந்தது. மறுபடி குழைத்தாள். இன்னும் கறுப்பு, இன்னும் கறுப்பு என்றான் அவன். தான் இவ்வளவு கறுப்பா என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. நிறம் ஒட்டி வந்ததும் லைட்டைப் போட்டு இருவர் கையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும்.

மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் வந்தது. காளி இடது கையால் விக்கை ஒதுக்கிக்கொண்டு லெக் பீஸைக் கடித்தாள். "நீங்க சாப்புடலயாக்கா?" என்று கேட்டாள். "பசிக்கலீங்க" என்றாள் சௌமியா. அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணினாள். பட்டறைப் பெண்கள் சுற்றி நிற்பது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"போட்டோ எடுத்தாங்களா சாமி?"

"எடுத்தாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினாள்.

யுவஸ்ரீ நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணை உருட்டி, சூலத்தை ஓங்கி நின்றாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அழகாகத்தான் இருந்தாள். அதுதான் வயிற்றெரிச்சல். சௌமியாவின் கறுப்பு யுவஸ்ரீயின் மேல் அவ்வளவு அழகாக இருந்தது. கோகுல்ராஜ் கேமராவைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு யுவஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு போனாள். யுவஸ்ரீ போனைக் கண்ணாடி மாதிரி பிடித்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"முழுசா போயிருமாக்கா? நாளான்னிக்கு என்னப் பாக்க வாராங்க. இதே கலர்ல நின்னுட்டா நாஞ் செத்தே போயிருவனுங்க்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

இந்த மை எண்ணெய் பட்டால் இளகிவிடும். பஞ்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும். எண்ணெய் பாட்டில் சௌமியாவின் பைக்குள் இருந்தது. அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"எண்ணெ கொண்டாரலீங்க. நாருலதான் தேய்க்கோணும்" என்றாள்.

தொட்டி மேல் காய்ந்து கிடந்த பீர்க்கங்காய் நாரை எடுத்துச் சோப்பில் அமுக்கி, யுவஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்புத் தண்ணீர் இருவர் கால்களுக்கும் நடுவே ஓடியது. யுவஸ்ரீ முதலில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கையை இழுத்துப் பார்த்தாள். சௌமியா விடவில்லை.

"எரியுதுக்கா."

"பொறுத்துக்கோணுமுங்க. அழுத்தித் தேச்சாத்தான் போகும்."

யுவஸ்ரீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் கறுப்பாக வழிந்தது. "இன்னும் போகலயாக்கா?" என்றாள் விசும்பிக்கொண்டு.

"இன்னும் இருக்குதுங்க" என்றாள் சௌமியா. மை எப்போதோ போய், தோல் செக்கச்செவேலென்று கன்றிக் கிடந்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள்.