ஏலுமானவள்

ஜும்ஆ முடிந்து வந்த றிபாத் காக்கா, சாப்பிட உட்காருவதற்கு முன்பே என் வீட்டு ஹோலை டேப்பால் அளக்கத் தொடங்கினார். நான் மெஷினில் அபாயா தைத்துக்கொண்டிருந்தேன். காலைத் தூக்கச் சொல்லி, கதிரைக்குக் கீழேயும் டேப்பை விட்டார்.

"என்னத்துக்கு காக்கா?"

"தங்கச்சி ஸம்றாக்குச் சோபா செற்றி எடுக்கணும். அஸருக்குப் பிறகு மாப்பிளட உம்மாக்கள் ஊடு பாக்க வாறாங்க."

"எந்த ஊட்ட?"

தம்பியாக இருந்தால் அறைந்திருப்பேன், மூத்தவராகப் போய்விட்டார். காக்கா டேப்பைச் சுருட்டினார். பதிலை உம்மா சொன்னார்.

"நீ பின்னுக்கு எங்கட ரூமுக்கு வா மகள். மெஷினக் குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில போடலாம். தங்கச்சிக்கு இன்னொரு ஊடு கட்ட வாப்பாக்கு இனி ஏலுமா? நீ ஏலுமானவள். எங்கெண்டாலும் சமாளிச்சிருவாய்."

எங்கள் கல்முனையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து ஏறுவார், பெற்றவர்கள் பின்பக்கம் ஒதுங்குவார்கள். அப்படித்தான் இந்த வீட்டை என் பெயருக்கு எழுதினார்கள். ஹிஷாம் வந்தார், சில வருஷம் இருந்தார், வேறொருத்தியைத் தேடிக்கொண்டு போனார். விவாகரத்துக்காகக் காதியாரின் முன்னால் நின்றபோது நான் அழவில்லை. மூன்று மாதம் ஒதுங்கியிருக்கும் இத்தா முடியும் முன்பே ஹோலில் மெஷினைப் போட்டேன். முனவ்வறாவைப் போல நெஞ்சுரம் வேண்டும் என்று ஊரே மெச்சியது. நானும் அதை நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு காலையும் எழும்பினேன், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த மெச்சலையெல்லாம் இவர்கள் இப்படியொரு நாளுக்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஸம்றா சின்னதிலிருந்தே ஏலாது என்பாள். கணக்குப் பாடம் ஏலாது, தனியே பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போக ஏலாது, மீன் கழுவ ஏலாது. ஏலாத பிள்ளைக்கு வீடு, ஏலுமான பிள்ளைக்குக் குசினி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸம்றாவைக் கூப்பிட்டேன். கதவுச்சீலையைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"நீ சொல்லு. எண்ட ஊடு உனக்கு வேணுமா?"

அவள் உம்மாவைப் பார்த்தாள். பிறகு காக்காவை.

"முந்திப் பேசினதப் போல இந்தக் கலியாணமும் குழம்பினா எனக்கு ஏலா ராத்தா. நீங்கெண்டா சமாளிப்பீங்க."

நடிக்கவில்லை அவள். அதுதான் எனக்கு ஆத்திரம். மூன்று பேரும் முழுமனதாக அதை நம்பினார்கள். இடித்தால் வலிக்காத சுவர் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது, அதில் சாய்ந்து சாய்ந்தே பழகிவிட்டார்கள்.

"எனக்கு ஏலா" என்றேன்.

உம்மா சிரித்தார். "பகிடி உடாத மகள். போய் மொகத்தக் கழுவு. வாறவங்களுக்கு நீதான் தேத்தண்ணி குடுக்கணும்."

காக்கா மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, பெரிய பாரமில்லை என்றார்.

அந்த இடத்தில் ஒருமுறை குழறி அழுதிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. எனக்கு வரவில்லை. கண் காய்ந்துதான் கிடந்தது. ஸம்றா உள்ளே போய்த் தலைத் தாவணிக்கு ஊசி குத்தினாள், காக்கா சோறு தின்றார், உம்மா என் கோப்பைகளை எடுத்துத் துடைத்து அடுக்கினார்.

அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்து, தொழுகையும் முடிந்தபின் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்து நின்றது. காக்கா சேட்டின் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பும்போதே நான் வாசலுக்குப் போய்விட்டேன். கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றினேன்.

"முனவ்வறா" என்று பின்னாலிருந்து உம்மா கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

மாப்பிள்ளையின் உம்மா கேக் பெட்டியை அணைத்தபடி படியேறினார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றக் குனியும்போது என்னைக் கண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகள்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

கையை எடுக்கவில்லை. அவர் என் முகத்தையும் என் தோளுக்கு மேலால் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சூடு ஆறாத சிமெந்துப் படியில் கழற்றிய செருப்பைக் கால்விரலால் தேடினார்.