கீழ்வீட்டு சார் பொறுக்கி எடுத்த டிராம்போலின்

மேல்வீட்டில் எங்கள் கட்டில் உடைந்த அன்றே கீழ்வீட்டு சார் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். எங்கள் பெண்ணுக்கு ஐந்து வயது, பையனுக்கு மூன்று. இரண்டும் நடந்து நான் பார்த்ததில்லை. குதித்தே போகும், குதித்தே வரும்.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார் வீட்டுக்காரர். "கீழ உக்காந்து என் காதாலயே கேப்பேன். சத்தம் வந்துச்சுன்னா வேற வீடு பாத்துக்க."

பள்ளிக்கூடத்துக்கும் என் கிடங்குக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வீடு. விட்டால் கிடைக்காது.

"பிள்ளைங்க காலைக் கட்டியா போட முடியும்? குதிக்கிறதுக்குன்னே டிராம்போலின்னு ஒண்ணு விக்கிறான். அதுல ஏத்திவிட்டா தரை தப்பிக்கும்" என்றாள் மனைவி.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மேல்தளத்தில் மூட்டையை இறக்கும்போது பூப்போல வைத்ததாகத்தான் நினைப்போம். கீழே நிற்கிறவன் கத்தினால்தான் விஷயம் தெரியும். எனவே எனக்கு ஒரு யோசனை வந்தது. குறை சொல்கிற காதையே கடைக்குக் கூட்டிப் போய்விட்டால் என்ன?

சார், தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு அவரை யாரும் எதையும் சோதிக்கக் கூப்பிட்டதில்லை. நான் கேட்டு முடிப்பதற்குள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

கடையில் விளையாட்டுச் சாமான் மாடியில், பாத்திரம் கீழே. சார் குக்கர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு, போனைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மேலே போனோம்.

"இதுல குதிச்சா மூளை வளரும்க்கா. ஞாபக சக்தி கூடும்" என்றான் விற்பனையாள்.

"நீங்க குதிச்சுப் பாத்தீங்களா, தம்பி?" என்றாள் மனைவி. அவன் பேச்சை மாற்றி, கைப்பிடி வைத்ததைக் காட்டினான்.

முதலில் சிவப்பு. பிள்ளைகள் ஏறிக் குதித்தன.

"கீச்சு கீச்சுங்குது. தள்ளு!" என்றார் சார் போனில்.

அடுத்தது நீலம். கம்பிச்சுருளுக்குப் பதில் ரப்பர் கயிறு.

"இடிக்குது. பாத்திரமெல்லாம் ஆடுது. தள்ளு!"

பச்சைக்கு அவர் சொன்னதை எழுத முடியாது.

கடைசியில் மஞ்சள். அதற்குள் பையன் காலை இறுக்கிக்கொண்டு நெளிந்தான். மனைவி இருவரையும் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். சற்றுப் பொறுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"இதான்! இதான்யா! ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. முப்பத்திநாலு வருஷ அனுபவம், என்னை ஏமாத்த முடியுமா?"

விற்பனையாள் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மஞ்சள் டிராம்போலின் அசையாமல் நின்றது.

"பேக் பண்ணிரவாண்ணே?" என்றான்.

உண்மையைச் சொல்லத்தான் கீழே இறங்கினேன். சாரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சத்தத்தை எப்படிப் பிரித்துக் கேட்பது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். கடை முதலாளியே கைகட்டி நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நேரே போய்ப் பணத்தைக் கட்டினேன்.

வீட்டில் அதைப் பொருத்தி, பிள்ளைகளை ஏற்றினோம். நான்கில் அதுதான் மோசம். ஒவ்வொரு குதிப்புக்கும் கதவில் ஆள் வந்து இடிப்பது போலிருந்தது. "வீட்டுச் சாமானைக் கட்டவா?" என்றாள் மனைவி.

சார் மேலே வந்தார். சுற்றி வந்து பார்த்தார். "கால் சரியா முடுக்கல" என்று ஸ்பேனர் வாங்கி அவரே முடுக்கினார். மறுபடி குதிக்க வைத்தார். மறுபடி இடி.

"உங்க தரை சரியில்ல" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். என்னையும் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேலே என் மனைவி என்ன மிரட்டினாளோ, பத்து நிமிஷம் அமைதி. பிறகு அவளால் முடியவில்லை. தொம். தொம். தொம். மின்விசிறி ஆடியது. சாரின் காபியில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது.

"என்ன சார் இது?" என்று வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"எது?" என்றார் சார்.

"மேல, இந்தச் சத்தம்!"

"அந்தச் சாமானை நானே சோதிச்சு எடுத்தேன். அதுல சத்தம் வராது" என்று சொல்லி, சார் காபியை எடுத்துக் குடித்தார்.