12/1 இன்னும் பச்சை

...பச்சையாகவே நிற்கிறதாம், பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும், அதை அண்ணாச்சி போனில் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன், அவரோ காய்ச்சல்காரப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாக, "ஏழு, எட்டு, ஒம்பது எல்லாம் செவப்பாயிட்டும்மா, மத்த மூணுந்தான் அப்படியே நிக்கு, நீ ஒரு நடை வந்து பாத்துரு, சரிப்படலன்னா விடு, நாம பழையபடி நோட்டுலயே எழுதிக்கிடுவோம்" என்றார். நோட்டு. மூன்று மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டிடம் தோற்கப் போகிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற இந்த டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, சாரல், மடியில் லேப்டாப், அதற்கு மேல் பாலிதீன் பை, அதற்கு மேல் என் துப்பட்டா, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் போர்த்தியிருக்க மாட்டார்கள். நாளை சனிக்கிழமை, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, வல்லிநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜில் பன்னிரண்டு அறை, வெளியூர்க்காரர்கள் போனிலேயே பார்த்துப் பதிவு செய்துகொள்ள நான் ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன், காலியாக இருந்தால் பச்சை, யாராவது பதிந்துவிட்டால் சிவப்பு. இவ்வளவுதான். இந்த இவ்வளவுதான் இன்றைக்குள் சரியாகவில்லை என்றால் நிலோபர் என்பவள் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதை நானே மறந்துவிடலாம்.

போன சனிக்கிழமையை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. வெள்ளோட்டம் என்று பக்கத்தைத் திறந்துவிட்டோம், ஒரு அறைகூடச் சிவக்கவில்லை, புனலூர்க்காரர்களும் விருதுநகர்க்காரர்களும் ஒரே அறையைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண் வராந்தாவில் நனைந்தபடி நின்றாள், அண்ணாச்சி தன் வீட்டு ஹாலை ஒழித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டாத மனுசர்களிடம் வேலை பார்ப்பது ரொம்பக் கஷ்டம். எல்லாம் அந்த எண்களால் வந்தது, 7/1, 7/2, 8/1 என்று, முதல் நாளே கேட்டேன், அண்ணாச்சி, இதை ஏ, பி, சி என்று மாற்றிக்கொள்ளலாமா, எனக்குச் சுலபமாக இருக்கும் என்று. அவரும் தம்பியும் கட்டடத்தைப் பாகம் பிரித்தபோது ஏழு முதல் பன்னிரண்டு வரை கதவு எண் இவருக்கு வந்ததாம், ஒவ்வொரு எண்ணிலும் கீழ் அறைக்கு ஒன்று, மேல் அறைக்கு இரண்டு என்று கதவில் தகடு அடித்து இருபத்தெட்டு வருசம் ஆகிறதாம். "புனலூர்லேருந்து வாறவங்க, பன்னெண்டு பை ஒண்ணு உண்டோன்னுதாம்மா கேப்பாங்க. உன் மெசினு வசதிக்கு அவங்க ரூமுக்கு நான் பேர மாத்துனா நல்லாவா இருக்கும்?" என்றார். எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஆறு மாதம் வேலை பார்த்தேனே, அங்கே என்றால் யோசிக்காமல் மாற்றச் சொல்லியிருப்பார்கள், நிலோபர் என்பது நீளமாக இருக்கிறது என்று என்னையே நீலு ஆக்கியவர்கள்தானே.

ஸ்டைல்ஷீட் என்கிற நிற ஏடு இருக்கிறதே, எந்த அறைக்கு எந்த நிறம் என்று, பக்கத்தைத் திறந்து காட்டுகிற உலாவிக்குச் சொல்கிற தாள், அதற்கு எண்ணில் தொடங்கும் பெயர் ஆகாது, சாய்கோடு அறவே ஆகாது, கண்ட இடத்தில் ஏதோ தனக்கு வந்த உத்தரவு என்று நினைத்துக் குழம்பி அந்த வரியையே தூக்கிப் போட்டுவிடும். அதனால் சாய்கோட்டுக்கு முன்னால் பின்பக்கம் சாய்ந்த ஒரு கோடு போட வேண்டும். இது உனக்கு இல்லையப்பா, இது வெறும் பெயர், பேசாமல் வாங்கி வைத்துக்கொள் என்று அர்த்தம். முதலில் வரும் எண்ணுக்கு அதுவும் போதாது, அதன் சங்கேத எண்ணைத்தான் எழுத வேண்டும், ஏழுக்கு 37, ஒன்றுக்கு 31. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைப் படித்துப் படித்துப் பன்னிரண்டு வரியும் என் கையாலேயே எழுதினேன், எழுதி முடித்ததும் என் புத்தி சும்மா இருக்குமா, எச்சில் தட்டைக்கூட அளவு வாரியாக அடுக்குகிறவள் அல்லவா, வரிகளுக்கு நடுவில் துருத்திக்கொண்டிருந்ததையெல்லாம் ஒழுங்குசெய்து, கண்ணுக்கு அழகாக்கி, 7/1 சிவக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். அது சிவந்தது. அப்புறம் இந்தப் பத்துக்கு என்ன வந்தது? ஒன்பது வரைக்கும் ஒழுங்கு, பத்தில் இருந்து கோளாறு. அப்படியானால் இரண்டு இலக்கமா? இரண்டு இலக்கம் என்றால் என்ன, அதே கோடு, அதே சங்கேதம், நடுவில் எது மாறியது...

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் ஆசிக் வேறு. பஸ் ஏறும்போதுதான் ஷார்ஜாவிலிருந்து அவர் குரல்பதிவு வந்தது, "மழையில அங்கயும் இங்கயும் எதுக்கு அலையுத நிலோ, பேசாம இங்க வந்துரு, சரி, சாப்பிட்டியா", அவ்வளவுதான், உத்தரவும் போட்டாயிற்று, விசாரிப்பும் ஆயிற்று. வரமாட்டேன் என்று ஒரே வார்த்தை தட்டி அனுப்பினேன். அனுப்பிய கையோடு பயமும் வந்தது, வரமாட்டேன் என்று சொல்ல என் கையில் என்ன இருக்கிறது, பாதி சிவந்து பாதி பச்சையாக நிற்கும் ஒரு பக்கம். இது ஒழுங்காக ஓடினால் எனக்கு இங்கே ஒரு தொழில் இருக்கிறது என்று நிமிர்ந்து சொல்லலாம், ஓடாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான், அங்கே பதினாலாவது மாடியில் தட்டுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டு... அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக அருவிக்குப் போகிற அம்மாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

இலஞ்சி வந்தபோது கண்டக்டர் ஒரு விசில் ஊதினார், நிறுத்தச் சொல்லி. பஸ் வேகம் குறையவில்லை, அதனால் உடனே இன்னொன்று ஊதினார், அதுவும் நிறுத்தச் சொல்லித்தான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், டிரைவர் இரண்டு விசிலைக் கேட்டுவிட்டு அழுத்திவிட்டார், இறங்க வேண்டியவர்கள் "ஏ நிப்பாட்டுங்க" என்று கத்த, தோப்பையும் தாண்டிப் போய்த்தான் பஸ் நின்றது. "ரெண்டு விசில் அடிச்சா போவாம என்னவே செய்ய?" என்றார் டிரைவர். "நான் எங்க ரெண்டு அடிச்சேன், ஒண்ணத்தான் ரெண்டு தடவ அடிச்சேன்" என்றார் கண்டக்டர். "அப்ப எடையில மூச்சு விட்டு ஊதும்வே, எனக்கு எப்படித் தெரியும்?" பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன், எண்ணெய்ப் பாட்டில் அம்மாளும் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் சொன்னதை மறுபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இடையில் மூச்சு. பன்னிரண்டை எழுத முதலில் 31, பிறகு ஒரு காலி இடம், பிறகு 2. அந்தக் காலி இடம் வேண்டும், சங்கேதம் இங்கே முடிந்தது, இனி வருவது வேறு என்று சொல்வதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் உலாவி 312 என்று ஒரே எண்ணாகப் படித்து எங்கோ யாரும் பேசாத எழுத்தைத் தேடிப் போய்விடும். ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் பின்னால் இன்னொரு எண் வராமல் கோடு வந்துவிடுவதால் தப்பித்தன. பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் மாட்டிக்கொண்டன. யார் எடுத்தது அந்த இடத்தை? நான்தான். துருத்திக்கொண்டிருக்கிறதே, பார்க்க நன்றாயில்லையே என்று வரிவரியாகத் தேடித் துடைத்தது இந்தக் கைதான். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, எழுந்து நின்று கண்டக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும்போலவும் இருந்தது.

லாட்ஜ் முன்னறையில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்து ஆறு வரிகளில் ஆறு இடைவெளி தட்டினேன், ஆறே ஆறு தட்டு. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பின்னால் நின்றார். பத்து சிவந்தது, பதினொன்று சிவந்தது, 12/1 மட்டும் ஒரு நிமிடம் என் உயிரை வாங்கிவிட்டுச் சிவந்தது. அவர் தன் போனிலும் ஒருமுறை திறந்து பார்த்தார், மாடிக்குப் போய் அங்கே சிக்னல் இருக்கும் இடத்தில் இன்னொருமுறை பார்த்தார், இறங்கி வந்து, "புனலூர்க்காரங்களுக்குச் சொல்லிருதேன்மா, தைரியமா வரச்சொல்லி" என்றார். அடுத்த வீட்டு அய்யாக்குட்டி லாட்ஜுக்கும் இப்படி ஒன்று வேண்டுமாம், அங்கே பதினெட்டு அறையாம், எல்லாம் இதைவிட மோசமான எண்களாம். எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்லது. இத்தனை நாளில் முதல்முறையாக இந்த ஊர் மழை எனக்காகவும் பெய்கிறது என்று தோன்றியது, சிரிப்பாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. ஆசிக்கிடம் சொல்ல வேண்டும். வரமாட்டேன், ஏனென்றால் எனக்கு இங்கே வேலை இருக்கிறது. இப்போது முழு வாக்கியமாகவே சொல்லலாம்.

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன், ஆசிக் சொன்னதை இன்னொருமுறை கேட்டுவிட்டே பேசலாம் என்று. எல்லார் குரல்பதிவையும் நான் இரட்டை வேகத்தில்தான் கேட்பேன், இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள், யாருக்கு நேரம் இருக்கிறது. கை அந்த வேகப் பொத்தானுக்குப் போய் நின்றது. ஒன்று என்று மாற்றினேன். பேசாம இங்க வந்துரு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏசி ஓடுகிற சத்தம், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், அவர் மூச்சு, நா... என்று என்னவோ தொடங்கி விழுங்கிய ஒரு சத்தம், எண்ணிப் பார்த்தேன், ஏழு நொடி, அப்புறம்தான் சரி, அப்புறம் இன்னும் கொஞ்சம் கழித்துத்தான் சாப்பிட்டியா. இது உத்தரவு போடுகிறவர் குரல் இல்லை. அந்த ஏழு நொடியில் அவர் என்ன சொல்ல வந்தார்? என் வேலையைப் பற்றியா, அல்லது அங்கே அவருக்கே ஏதாவதா? அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "மச்சான், எல்லாம் சரியாயிட்டு" என்றேன். "அப்படியா, சந்தோசம் நிலோ" என்றார், உண்மையாகவே சந்தோசமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது, சாப்பிட்டீங்களா, வேலை எப்படிப் போகுது, அய்யாக்குட்டி லாட்ஜ், பதினெட்டு அறை, எதையாவது போட்டு நிரப்பிவிட. வாயை மூடிக்கொண்டேன். அவர் மூச்சு கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு... "நிலோ" என்றார்.