துடைத்து வைத்த ரிவால்வர்

அப்பா கத்தமாட்டார். பேச்சு முற்றினால் அலமாரியிலிருந்து பழைய ரிவால்வரை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைக்க ஆரம்பிப்பார். அதோடு அம்மா வாயடைத்துப் போவாள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அப்பாவை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர். அவர் இறந்த அன்று, "போயிட்டு வரட்டுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா எண்ணெய்த் துணியைத் தேடினார். அம்மா போகவில்லை.

அப்பா காலமான பிறகும் அந்த அலமாரிப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. "அந்தச் சனியனை யாருக்காவது குடுத்துத் தொலைடி" என்றாள். பழம்பொருள் வாங்குபவரோ, எந்த ஆலையில் எப்போது, எதற்காகச் செய்தது என்று தெரிந்தால்தான் தொடுவாராம். எனக்கு வரன் தேடியபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை.

கைப்பிடியின் அடியில் ஆலையின் பெயரும் ஒரு எண்ணும் பொறித்திருந்தன. அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆலைக்கு எழுதிப் போட்டேன். பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார். குரலில் அப்படியொரு குதூகலம்.

"விசையை அழுத்தினா பின்னாடியிருந்து வந்து அடிக்குமே, அந்தச் சுத்தியல் முனையில ஊசி இருக்கா பாருங்கம்மா."

"இல்லைங்க, மழமழன்னு இருக்கு."

"அது போய் அடிக்கிற இடத்துல ஓட்டை?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். அதுவும் இல்லை.

"அப்ப சந்தேகமே இல்லை. கடைக் கண்ணாடிக்குள்ள அழகுக்கு வைக்கச் செஞ்சது. குண்டு போட்டாலும் வெடிக்காது. ஆலையை விட்டு வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான். ரொம்ப அபூர்வம்மா, நீங்க அதிர்ஷ்டசாலி!"

என் அதிர்ஷ்டத்தை நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. வாராவாரம் கழற்றித் துடைத்த மனிதருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று சில நாள் மென்று முழுங்கினேன். சொன்னால் பயம் போகும். பெரியம்மா திரும்பி வரமாட்டார். சொல்லாமல் விட்டால் நானும் அப்பாவோடு சேர்ந்துகொண்ட மாதிரிதான்.

சொல்லிவிட்டேன். அம்மா நம்பவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக அதைக் கையில் எடுத்தாள்.

"நிஜமாவே வெடிக்காதா?"

"வெடிக்காதும்மா. உள்ளேயும் ஒண்ணும் இல்லை."

சுவரைப் பார்த்துப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள். டிக். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் மூன்றாவது முறையும் அழுத்தினாள். டிக்.

"இந்தச் சத்தத்துக்கா," என்றாள், "எங்க அக்கா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்காம இருந்தேன்?"